வெள்ளைக் கீற்று

ஒரு கசாப்புக் கடைப் பலகையில் இரண்டு கத்திகள் கிடந்தன. ஒன்றின் பிடி எருமைக் கொம்பில் செய்தது. கன்னங்கரேலென்று, நடுவில் ஒரு வெள்ளைக் கீற்றோடு வழுவழுவென்று இருக்கும். மற்றதன் பிடி வேலமரம். நிறம் வெளிறி, சொரசொரவென்று இருக்கும்.

“உன்னைத் தொட்டாலே கை காய்ச்சுப் போயிடும்” என்று கொம்புப் பிடி தினமும் மரப் பிடியைக் கேலி செய்யும்.

அன்று பலகையோரம் ஒரு எருமைக் கன்றைக் கட்டினார்கள். அது கழுத்தை நீட்டி, கொம்புப் பிடியை ஆசையாக நக்கியது.

“எங்க அம்மா கொம்புலயும் இப்படியே வெள்ளையா ஒரு கீத்து இருக்கும். அம்மாவை எங்கயாவது பாத்தீங்களா?” என்று கேட்டது.

தான் யார் தலையில் முளைத்தோம் என்று கொம்புப் பிடி அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடைக்காரர் வந்து அந்தக் கத்தியை எடுத்தார். கன்றின் எச்சில் ஈரத்தில் பிடி நழுவியது. மறுபடி எடுத்தார். கொம்புப் பிடி தன் வழுவழுப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு மறுபடியும் நழுவியது.

“கையில நிக்க மாட்டேங்குது சனியன்” என்று அதை வீசிவிட்டு, மற்ற கத்தியை எடுத்தார்.

“எனக்கு நழுவத் தெரியாதே” என்றது மரப் பிடி, கொம்புப் பிடியைப் பார்க்காமல்.