முட்டுக் கல்

காரையாற்றுக்கு மேலே, காணிப் பழங்குடிகளின் பழைய இடுகாட்டில், புதர் வெட்டிய பச்சை வாடை இன்னும் அடங்கவில்லை. நாளை ஊர் கூடிக் கும்பிடுவதற்காக வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்பு அடித்த நினைவுக் கற்கள் வெயிலில் கண்ணைக் கூச வைக்கின்றன. தெச்சிப் பூவைக் கசக்கியபடி சாத்தம்மை முன்னும் பின்னும் நடக்கிறாள். பால்மணம் மாறாமல் இறந்துபோன தன் பிள்ளைக்கு அவள் ஆற்றிலிருந்து எடுத்துவந்து வைத்த உள்ளங்கையளவு கரிய கல்லைக் காணோம். "ஏலே மாதவா, சின்னக் கல்லெல்லாம் எங்க லே?" "பெரிய கல்லு ஆடிச்சுல்லாக்கா, அடியில முட்டுக் கொடுத்திருக்கோம்" என்கிறான் தம்பி, பெருமையாக. ஒவ்வொரு கல்லடியிலும் அவள் மண்ணைத் தள்ளிப் பார்க்கிறாள். ஓரிடத்தில் அந்தக் கரிய வழவழப்பு. வெடுக்கென்று உருவுகிறாள். மேலே யாருடைய கல்லோ அவள் பக்கம் சாய்கிறது; உட்கார்ந்தபடியே தோளைக் கொடுத்துத் தாங்குகிறாள். கையில் பிள்ளை. தோளில் யாரோ.