ஆயுத பூஜைப் பொட்டு

வேதவல்லிக்கு வண்டி ஓட்டப் பயம். அதனால்தான் தானாக ஓடும் மொபெட்டை வாங்கினாள். ஹேண்டில்பாரில் கைவைத்து உட்கார்ந்தால் போதும் என்றார்கள். தினமும் அதில்தான் ஈரோட்டுச் சந்தைக்குப் பூ கொண்டுபோனாள்.

இன்று வண்டிக்குத் தகுதிச் சோதனை. ஆய்வாளர் திரையைப் பார்த்தார்.

“செயின் லூசு. பிரேக் ஷூ தேஞ்சிருக்கு. இதெல்லாம் எல்லா வண்டியிலயும் வர்றதுதான். ஆனா வழி பாக்குற கேமராவையே சந்தனமும் குங்குமமும் மூடியிருக்கேம்மா!”

“ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க.”

“அன்னைக்கிருந்து வண்டிக்குக் கண்ணு தெரியல. தானா ஓடவேயில்ல. நீங்கதான் ஓட்டியிருக்கீங்க.”

வேதவல்லி தன் கைகளைப் பார்த்தாள். மேம்பாலம், மழை, பஸ் ஸ்டாண்டு நெரிசல் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

“பொட்டைத் தொடச்சிட்டு வாங்க” என்றார் ஆய்வாளர்.

“செயினும் பிரேக்கும் சரிபண்ணிட்டு வர்றேனுங்க. ஓட்டுறத நான் பாத்துக்கறேன்.”