நூற்றுக்கு எட்டு

"நூத்துக்கு எண்பது பங்கு பிழைச்சுடுவாரும்மா. பயப்படாம கையெழுத்துப் போடுங்க" என்றார் சர்ஜன்.

பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரண்டு நிமிடம் முன்புதான் அவள் தன் போனில் கணக்குப் போட்டு அவரிடம் காட்டியிருந்தாள். வயது, பிரஷர், நாடித்துடிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் தட்டினால் போதும். அடிபட்டு அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டியவர் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லிவிடும். பல ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான பேரின் கதி என்னவாயிற்று என்று பார்த்து உருவாக்கிய கணக்கு.

லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கி வந்திருந்த இந்த மெக்கானிக்குக்கு அது சொன்னது, நூற்றுக்கு எட்டு.

எட்டை எண்பதாக்கிவிட்டார் மனிதர்!

மெக்கானிக்கின் மனைவி காகிதத்தை வாங்கினாள். பலமாகத் தலையாட்டினாள்.

"எண்பதே ஜாஸ்தி சார். எனக்கு நம்பிக்கை இருக்கு. நீங்க உள்ளே போங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

கை கழுவும் இடத்தில் டாக்டரம்மா பொரிந்து தள்ளினாள்.

"இது அநியாயம் சார். பாவம், அந்தம்மா வெகுளியா நம்பிட்டாங்க."

"எட்டுன்னு சொன்னா அங்கேயே விழுந்துடுவாங்கம்மா."

"அதுக்காகப் பொய்யா? சாயங்காலம் வெளியே போய் அந்த முகத்தை யாரு பார்க்கறது?"

"நான் பார்த்துக்கறேன். வாங்க, நேரமாகுது."

வயிற்றைத் திறந்ததும் ரத்தம் பொங்கி மேஜையிலிருந்து தரைக்கு வழிந்தது.

"பிரஷர் நாற்பது சார்!"

சர்ஜன் உள்ளே கையை விட்டார். பெரிய ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்து, முதுகெலும்போடு சேர்த்து அழுத்தினார்.

"நீங்க ரத்தத்தை ஏத்துங்க. நான் பிடியை விடமாட்டேன்."

ஒரு பை. இரண்டு. மூன்று. நர்ஸ் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டு நிமிடம் அவர் இமைகூடக் கொட்டவில்லையோ என்று தோன்றியது. ஐந்தாவது பை பாதி இறங்கும்போது பிரஷர் அறுபதைத் தொட்டது. அப்புறம் எழுபத்து நான்கு. அப்புறம் தொண்ணூறு.

"இப்ப மெதுவா விடறேன். பாருங்க."

எண் இறங்கவில்லை.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. கிழிந்த மண்ணீரலை எடுத்தார். அறுந்த குடலைக் கட்டினார். ஈரலைச் சுற்றித் துணி வைத்து அடைத்தார். வயிற்றைத் தைக்காமல் மேலே மூடி மட்டும் வைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்து, மீதியைச் சரிசெய்து தைக்க வேண்டும், அதுவரை தாங்கினால்.

பதினான்கு வருஷமாக அந்த மேஜையின் தலைமாட்டில் நிற்பவள் டாக்டரம்மா. இப்படி ஒரு மீட்சியை அவள் பார்த்ததே இல்லை.

வெளியே மெக்கானிக்கின் தங்கை அழுது ஓய்ந்து போயிருந்தாள். மனைவி மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அண்ணி கல்லு மாதிரி இருக்காங்க பாருங்க" என்று யாரிடமோ முணுமுணுத்தாள் தங்கை.

'எண்பதுன்னு நம்பினா அப்படித்தான் இருப்பாங்க' என்று நினைத்தபடி டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள்.

மெக்கானிக் தாங்கினார். இரண்டாவது ஆபரேஷனையும் தாங்கினார். நடுவே வந்த காய்ச்சலையும் தாங்கினார். இருபத்தாறாம் நாள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

"லிஃப்ட் இந்தப் பக்கம்" என்றாள் நர்ஸ்.

"வேணாம்மா. இந்த லிஃப்டை எவன் ரிப்பேர் பார்க்கறானோ! நான் படியிலயே இறங்கிக்கறேன்."

வார்டே சிரித்தது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன மனைவியை டாக்டரம்மா நிறுத்தினாள்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணும். மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. அன்னைக்கு எண்பதுன்னு சொன்னோமே, அது நெஜமில்ல. போன்ல கணக்குப் போட்டப்ப வந்தது எட்டுதான்."

"தெரியும் டாக்டர்."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பிரஷர் எழுபது, பல்ஸ் நூத்தி நாப்பதுன்னு ஆம்புலன்ஸ்லயே பேசிக்கிட்டாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நான் வேற ஒரு ஆஸ்பத்திரியில ரிக்கார்டு ரூம்ல டைப் அடிக்கறேன். அந்தக் கணக்குக்கு விவரம் கொடுத்த இடங்கள்ல எங்களுதும் ஒண்ணு. அடிபட்டு வயிறு திறந்தவங்க அத்தனை பேரோட விவரத்தையும் பதினோரு வருஷமா கம்ப்யூட்டர்ல ஏத்தினது நான்தான். வயசு, பிரஷர், பல்ஸ். கடைசிக் கட்டத்துல, பிழைச்சு வீட்டுக்குப் போயிருந்தா ஒண்ணு, இல்லேன்னா சைபர். இவரை மாதிரி வந்தவங்களுக்கு எத்தனை சைபர் அடிச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

நாலு மணி நேரம் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, எல்லாம் தெரிந்த பெண்.

"அப்புறம் எப்படிம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினீங்க?"

"கையெழுத்துக்குப் பேனா நீட்டினாரே, அப்பதான் கவனிச்சேன். சார் கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு டாக்டர். நானும் நம்பலைன்னு தெரிஞ்சா, அந்தக் கையோட அவர் எப்படி உள்ளே போவாரு?"