ஐந்தும் தப்பு

"இடம் ஒண்ணுதான். ஆளு ரெண்டு பேரு. என்ன செய்யலாம்?" என்றார் ஜா சார்.

பாட்னாவில் ரயில்வே தேர்வுக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் ஜா சாரைத் தெரியும். எண் தொடர்க் கணக்கு என்றால் அவர்தான். முதல் பேட்சுக்கு மட்டும் அவரே பாடம் எடுப்பார். அதில் அறுபது பேருக்கு மேல் ஒரு ஈ எறும்பைக்கூடச் சேர்க்க மாட்டார். மற்றவர்களுக்குப் பின்பக்கத் தகரக் கொட்டகையும் உதவி ஆசிரியர்களும்தான்.

முதல் பேட்சில் சேர அவர் வைத்த எழுத்துத் தேர்வில் அறுபதாவது இடத்துக்குப் பபிதாவும் சுலேகாவும் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தார்கள்.

"ஒரே லாட்ஜ், ஒரே ரூம், ஒரே குக்கர். மார்க்கும் சேர்ந்தேதான் வெந்திருக்கும் சார்!" என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்த, வகுப்பே சிரித்தது.

வாசலில் தோளில் துண்டோடு ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க நீங்க?"

"சுலேகாவோட அப்பா சார். சுபௌல்லேர்ந்து வரேன். முதல் பேட்ச்ல இவ பேரு வந்தா இருந்து படிக்கட்டும். இல்லேன்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடுவேன். சட் பூஜை பண்டிகை முடிஞ்சதும் கல்யாணம். பெட்டிய ரிக்‌ஷாவுல ஏத்தியாச்சு."

சுலேகா தலை குனிந்துகொண்டாள்.

ஜா சாருக்கு எரிச்சலாக வந்தது. "எல்லார் வீட்டுலயும் ஒரு கதை இருக்குங்க. இங்க எண்ணு மட்டும்தான் பேசும். ரெண்டு பேரும் பலகைக்கு வாங்கம்மா. அஞ்சு கேள்வி. யாரு அதிகமோ அவங்களுக்குத்தான் இடம்."

இருவரும் பலகையின் இரண்டு ஓரத்தில் நின்றார்கள்.

"ஏழு, பத்து, பதினாறு, இருபத்தெட்டு, ஐம்பத்திரண்டு. அடுத்து?"

சுலேகா 100 என்று எழுதினாள். பபிதா 101 என்று எழுதினாள்.

"நூறுதான் சரி!" நடுவில் பெரிதாக எழுதினார் சார். "மூணு, ஆறு, பன்னெண்டு, இருபத்துநாலுன்னு வித்தியாசம் இரட்டிப்பாகிட்டே போகுது. ஏம்மா பபிதா, ஒரு தொடரைப் பார்த்தா முதல்ல என்ன செய்யணும்?"

"வித்தியாசத்தை எடுத்துப் பார்க்கணும் சார்."

"வாயில வருது, கையில வரலையே!"

வகுப்பு மறுபடி சிரித்தது.

இரண்டாவது கேள்விக்கு 64 விடை. பபிதா 66 என்று எழுதினாள். மூன்றாவதுக்கு 90. அவள் 94. நான்காவது சார் தானே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்தது. விடை 153. அதில் சுலேகாவும் சறுக்கினாள். பபிதா 161 என்று கொஞ்சமும் தயங்காமல் எழுதினாள். கடைசிக்கு விடை 210. அவள் 226.

சுலேகாவுக்கு நாலு சரி. பபிதாவுக்கு ஐந்தும் தப்பு.

ஜா சார் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சுல ஒண்ணுகூட வராதவ எழுத்துத் தேர்வுல எப்படிம்மா அவ்வளவு மார்க் வாங்கினே? பக்கத்துல இருந்த சுலேகாவைப் பார்த்து எழுதினியா?"

பபிதா கையிலிருந்த சாக்பீஸைப் பலகை ஓரத்தில் வைத்தாள்.

"காப்பி, காப்பி!" என்று பின்வரிசை மேசையைத் தட்டியது.

"போம்மா. தகரக் கொட்டகையில போய் உட்காரு. சுலேகா, உனக்கு இடம் உண்டு."

வகுப்பு கலைந்தது. பலகையைத் துடைக்கத் துணியை எடுத்தார் சார். இத்தனை வருஷப் பழக்கம், இரண்டு எண்ணைப் பக்கத்தில் பார்த்தால் மனசு தானாகக் கழித்துவிடும்.

நூறு, நூற்றொன்று. வித்தியாசம் ஒன்று.

அறுபத்துநான்கு, அறுபத்தாறு. இரண்டு.

தொண்ணூறு, தொண்ணூற்று நான்கு. நான்கு.

நூற்று ஐம்பத்துமூன்றுக்கும் நூற்று அறுபத்தொன்றுக்கும் எட்டு. கடைசியில் பதினாறு.

துணி கையிலிருந்து நழுவியது. ஐந்து விடையும் சரியாகத் தெரிந்தவள் மட்டும்தான் இப்படித் தப்பு செய்ய முடியும். நின்ற நிலையில், சுற்றி அத்தனை பேர் சிரிக்கும்போது, சரியான விடையைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் தன் தொடரையும் கோத்திருக்கிறாள். அவரால் முடியுமா? முடியாது.

வெளியே ஓடினார். வாசலில் சுலேகாவின் அப்பாவும் ரிக்‌ஷாக்காரரும் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுலேகா அழுகையும் சிரிப்புமாக நின்றாள். பபிதா பையோடு தகரக் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"பபிதா! நில்லும்மா. ஆறாவது ஒண்ணு கேட்டு, அதுக்கு விடை நாப்பத்திரண்டுன்னா, நீ என்ன எழுதியிருப்பே?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "எழுபத்துநாலு சார்."

"முப்பத்திரண்டு அதிகம்!" என்றார் சார். "எதுக்கும்மா அந்த வரிசை? ஏதாவது ஒரு தப்பை எழுதிட்டுப் போயிருக்கலாமே?"

"வாய்க்கு வந்தத எழுத வரல சார். தப்புன்னாலும் அதுக்கு ஒரு ஒழுங்கு இருந்தாத்தான் கை ஓடுது."

"உன்னைப் போய்க் காப்பி அடிச்சவன்னு சொல்லிட்டேனே. வா, இப்பவே எல்லாரையும் கூப்பிட்டு உண்மையச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம் சார். எங்க வீட்டுலேர்ந்து யாரும் ரிக்‌ஷா எடுத்துட்டு வர மாட்டாங்க. நான் தகரக் கொட்டகையில இருந்தே பாஸ் பண்ணிடுவேன். காப்பி அடிச்சவளாவே இருந்துட்டுப் போறேன்."



பபிதா வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரே ஒரு உதவி மட்டும் செய்ங்க சார். சீக்கிரம் போய்ப் பலகைய அழிச்சிடுங்க. சுலேகாவுக்கும் கழிக்கத் தெரியும்."