ஏழாம் வீடு

“இன்னொரு பஜ்ஜி எடுத்துக்குங்க மிஸ்டர் ஜெயகணேஷ். உங்களுக்கு இது ஏழாவது வீடு இல்லையா?”

ஜெயகணேஷின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. “ஏழாம் வீடுதான் கல்யாண வீடுன்னு ஜோசியக்காரன் சொல்லுதான் மேடம்.”

பொன்செல்வி பால்கனியின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். ‘பையனும் பொண்ணும் தனியாப் பேசட்டும்’ என்று பெரியவர்கள் அனுப்பி வைத்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

“நான் டிடெக்டிவ். செம்பூர் பொண்ணு வீட்டுல குடுத்த கேஸ். இந்த மாட்டுங்கா ஃப்ளாட் இரவல். உள்ள எனக்கு அப்பாவா உட்கார்ந்திருக்கிறவர் எங்க முதலாளி சிவகுருநாதன். கீழ வடாபாவ் கடையில கான்ஸ்டபிள் நிக்கிறார். நான் கையசைச்சா மேல வருவார்.”

அவன் எட்டிப் பார்த்தான். “அவரு இன்னும் சாப்பிட்டே முடிக்கலியே.”

அவள் அவனைப் பின்தொடர்ந்து எடுத்த போட்டோக்களைத் தேதி வாரியாக அடுக்கினாள். “செம்பூர், வாஷி, உல்லாஸ்நகர்... ஆறு மாசத்துல ஆறு வீட்டுல பொண்ணு பார்த்திருக்கீங்க. வீட்டுக்கு வீடு வாடகை அப்பா, வாடகை அம்மா. கேசரி, பஜ்ஜி சாப்பிட்டுட்டு, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’னு சொல்லிட்டு ஆள் அம்பேல். வாஷிப் பொண்ணு ஸ்ரீதேவி உங்க லெட்டரை நம்பி ஒரு நல்ல இடத்தையே விட்டுட்டா, தெரியுமா?”

அவன் முகம் சுருங்கியது. “போன வாரம் போய் உண்மையைச் சொன்னேன். அவங்க அப்பா கன்னத்துல ஒண்ணு விட்டாரு. வாங்க வேண்டிய அறைதான்.”

“எதுக்கு இந்தப் பொழைப்பு?”

“ஐரோலி கேன்டீன்ல தினம் நானூறு பேருக்குப் பரிமாறுதேன். எனக்கு ‘இன்னொண்ணு எடுத்துக்கோங்க’ன்னு சொல்ல இந்த பம்பாயில ஒரு ஆள் கிடையாது மேடம்.”

பொன்செல்வி ஒரு நொடி பஜ்ஜித் தட்டைப் பார்த்தாள். பிறகு குரலை இறுக்கிக்கொண்டாள்.

“அதை ஸ்டேஷன்ல சொல்லுங்க. ஆனா இந்தத் தடவை ஏன் இவ்வளவு சொதப்பல்? ஆறு வீட்டுலயும் இன்ஜினியர், இங்க மட்டும் கேன்டீன் சூப்பர்வைசர். அப்பாவா வந்தவர் ஐரோலியை ஐரோப்பாங்கறார். அந்தம்மா பலகாரத்தைத் தொடவே இல்ல, என் முகத்தையே பார்த்துட்டு இருக்காங்க. கொஞ்சம் டிரெய்னிங் குடுத்துக் கூட்டிட்டு வரக்கூடாதா?”

“எங்க மேடம்? காலையிலதான் நாகர்கோவில் வண்டியில வந்து இறங்குனாவ.”

“ஊர்லேருந்தா? ஏன், தாராவியில ஆள் கிடைக்கலையா?”

அவன் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டான். “ஆறு மாசமா ஒரு மெரூன் குடை என் பின்னாலயே வருது. குர்லால ரயிலை விட்டுட்டு அந்தக் குடையை நீங்க திட்டுனதையும் பார்த்தேன். வரன் பார்க்கிற ஆப்ல உங்க போட்டோ வந்ததுமே தெரிஞ்சிட்டு.”

“தெரிஞ்சுமா ஓடாம வந்தீங்க?”

“ஓடி ஓடி அலுத்துட்டு.”

கண்ணாடிக்கு அப்பால் அந்தம்மா ஒரு பந்து மல்லிகையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறக்கக் காத்திருந்தாள். பொன்செல்வி கான்ஸ்டபிளைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

“தாராளமா அசைங்க மேடம், வாறேன். ஆனா உங்களைப் பிடிச்சிருக்குன்னு எங்கம்மா வந்ததுமே என் காதுல சொல்லிட்டாவ. இன்னைக்கு இந்த வீட்டுல வாடகை அப்பா உங்க அப்பா ஒருத்தர்தான்.”

மேலே போன கை, கலையாத தலைமுடியைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.