தையல் போட்ட இடம்

ஸ்கேன் அறை வாசலில் அவர் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தார். சட்டைப் பொத்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தார். தையற்கடைக்காரம்மாவின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

“உட்காருங்க தம்பி. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம இப்படி நடந்தா மயக்கம்தான் வரும்.”

“எப்படிம்மா உட்கார்றது? பைபாஸ் முடிஞ்சு மூணு மாசம்தான் ஆகுது. இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்ல, தையல் போட்ட இடத்துலயே வீக்கம். அது பெருசாகியிருந்தா மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும்.”

“திறந்தா மூடத் தெரியாதா? முப்பது வருஷமா மெஷின் மிதிக்கிறேன். பிரிஞ்சதைத் திரும்பத் தைச்சா முன்னைவிட உறுதியா நிக்கும்.”

அவருடைய கையை அவள் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஸ்கேன் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“வீக்கம் கூடல. சுருங்கவே ஆரம்பிச்சிடுச்சு. ஆபரேஷன் தேவைப்படாது.”

நடந்துகொண்டிருந்தவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

“என்ன சார் இது? நோயாளி அவங்க. அவங்களே அசையாம உட்கார்ந்திருக்காங்க. ஆபரேஷன் பண்ண நீங்க இப்படி ஆடிப்போயிட்டீங்களே” என்றார் ஸ்கேன் டாக்டர்.

தையற்கடைக்காரம்மா, ஊசி குத்திய தன் கையிலிருந்த பஞ்சை எடுத்துக் கூடையில் போட்டாள்.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தம்பி தனியாப் பண்ண முதல் ஆபரேஷன் இது. நான் முதல்ல தைச்ச கல்யாண உடுப்புக்கு, பொண்ணு மேடையை விட்டு இறங்குற வரைக்கும் எனக்கும் ஒரு வாய் இறங்கல” என்றவள், அவர் பக்கம் திரும்பினாள்.

“பொத்தானைச் சரியாப் போடுங்க தம்பி. சாப்பிடப் போலாம்.”