பொட்டு வைத்த பிளாக்

குங்குமம் வைத்தாகிவிட்டது.

இனி மறுபேச்சு கிடையாது. மருதாசலத்தின் பட்டறை வழக்கம் அது. துளை குடையும் போரிங் மெஷினில் ஏற்றிய எஞ்சின் பிளாக்குக்குப் பொட்டு வைத்து, மருதமலை முருகனையும் கூப்பிட்டுவிட்டால், பிஸ்டன் ஓடும் துளையைப் பெரிதாக்காமல் கீழே இறக்கமாட்டார்.

பிளாக்கைக் கொண்டுவந்தவள் அதன் மேல் கையை வைத்தாள்.

"கொஞ்சம் இருங்ணா."

டர்போ வைக்கப்போகிற பந்தய எஞ்சின். சோறு ஊட்டுகிற மாதிரி காற்றைத் திணித்து ஊட்டுவார்கள். உள்ளே இடம் வேண்டும். அதற்கு வழி இரண்டு. துளையை அகலமாக்கலாம். இல்லையென்றால் துளையைத் தொடாமல், பிஸ்டனை ஆட்டும் கிராங்க் தண்டை மாற்றி, அது ஏறி இறங்கும் தூரத்தை நீட்டலாம்.

அகலமாக்கினால் வண்டி உச்ச வேகத்தில் கத்தும்.

அந்தக் கத்தல் நவநீதனுக்கு வேண்டும். அவள் கட்டும் வண்டியை ஓட்டுகிறவன். அவள் புருஷன். பெரிய பிஸ்டன்களை அவனே வாங்கி, பெட்டியோடு இங்கே கொடுத்தனுப்பியும் விட்டான்.

அகலமாக்கினால் சுவரும் மெலியும்.

போன வருஷம் அப்படித்தான் கட்டினாள். ஊரே சொன்னது, அவளும் தலையாட்டினாள். டர்போவின் அழுத்தம் ஏற ஏற, பந்தயத்தின் பாதியில் சுவர் விண்டது. முடி அளவு விரிசல்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்துப் பீறிட்டுப் பின்சக்கரத்தடியில் கொட்டியது. வண்டி சுழன்றுபோய் டயர்ச் சுவரில் நின்றது.

அதற்குப் பிறகு அவனுடைய இடது கை தோளுக்கு மேல் எழுவதில்லை.

சட்டை மாட்ட அவள் வேண்டும். கேட்டால் சுளுக்கு என்பான். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை.

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

தோற்பதற்கு அவள் வண்டி கட்டவில்லை. இந்த வருஷப் பந்தயப் பாதையில் நேர்கோடு கொஞ்சம், வளைவுகள்தான் அதிகம். பிஸ்டன் தூரத்தை நீட்டினால் வளைவிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாயும்; அந்த வண்டி முதலில் வரும். கத்துகிற வண்டி பின்னால் கத்திக்கொண்டு வரும்.

"பயந்துட்டீங்களா அம்மிணி? தம்பி போரே பண்ணச் சொன்னாப்லயே."

அவள் வாசலுக்குப் போனாள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலிருந்து சாக்கு மூட்டையைத் தூக்கி வந்து மேசையில் அவிழ்த்தாள்.

புதுக் கிராங்க். எண்ணெய்ப் பூச்சு இன்னும் காயவில்லை.

நவநீதனுக்குத் தெரியாது.

பிளாக்கில் இருந்த பொட்டைக் கட்டைவிரலால் வழித்தாள். கிராங்கின் முனையில் அழுத்தி வைத்தாள்.

மருதாசலம் கிராங்கை நோக்கிக் குனிந்தார். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை. பொட்டு அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதற்கு அவரிடம் சட்டம் இல்லை.

"தம்பி வந்து பிஸ்டனைக் கேட்டா நா என்னங்க சொல்றது?"

அவள் பெட்டியை எடுத்தாள். மெஷினுக்கு எதிரே, தலைக்கு மேலே, பழைய கேஸ்கெட்டுகள் கிடக்கும் பரண். குதிகால் உயர்த்தி, இரண்டு கைகளாலும் பெட்டியை அதன் மேல் தள்ளி வைத்தாள்.

"அவரையே இறக்கிக்கச் சொல்லுங்ணா. ரெண்டு கையும் போட்டு."

மருதாசலம் பரணைப் பார்த்தார்.

பிறகு ஸ்பேனரை எடுத்து, மெஷினோடு பிளாக்கைப் பிணைத்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினார்.